கூட்டம் பாடியது தப்பா?

போன இதழில் 'ரஷ் இன் ரியோ' கச்சேரி வீடியோவைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரஷ் என்பது கனடாவின் டொரன்டோவிலிருந்து வந்த மூன்று பேர் ராக் குழு. பாட்டு, பேஸ் கிடார், கீபோர்டு மூன்றும் கெடி லீ, கிடார் அலெக்ஸ் லைஃப்சன், டிரம்ஸ் நீல் பியர்ட், பெரும்பாலான பாட்டு வரிகளும் அவருடையவைதான். 2002 நவம்பர் 23 அன்று ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் சுமார் 40,000 பேர் முன்னால் அவர்கள் வாசித்ததைப் படம்பிடித்து அடுத்த ஆண்டு டிவிடியாக வெளியிட்டார்கள். அந்த அரைப் பக்கத்துக்கு வந்த கடிதங்களைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு ராத்திரி ஆனது. ஒன்று திட்டியிருக்கிறீர்கள், இல்லாவிட்டால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருக்கிறீர்கள். அதனால் இந்த மாதம் பகுதி முழுக்க அந்த ஒரு வீடியோதான்.

கோவை வாசகர்: நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கேட்டேன். பாடுவது கெடி லீயா, 40,000 பேரா என்றே தெரியவில்லை. பாட்டை அமுக்கிவிட்டுக் கூட்டம் கத்துகிறது. இதை எப்படி நல்ல பதிவு என்று எழுத மனம் வந்தது உங்களுக்கு?

உங்கள் காதில் குறை இல்லை. கூட்டத்தின் சத்தம் அதிகம்தான், பேஸ் கலங்கலாகக் கேட்பதும் உண்மைதான், இந்த வீடியோ வந்த நாளிலிருந்து ரஷ் ரசிகர்கள் இதே விஷயத்துக்காக மல்லுக்கு நிற்கிறார்கள். ஆனால் அன்றைக்கு நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டு இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.

முந்தின நாள் சாவ் பாலோவில் 60,000 பேருக்குக் கச்சேரி. அங்கிருந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய லாரிகள் ரியோவுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தன. ரசிகர்களை உள்ளே விடும் நேரம்வரை மேடை வேலை ஓடிக்கொண்டிருந்தது. சவுண்ட் செக் இல்லை, கேமராக்காரர்களுக்கு ஒத்திகை இல்லை. சரி, நாளைக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை, சுற்றுப்பயணத்தின் கடைசிக் கச்சேரியே அதுதான். கிடைத்தது ஒரே ஒரு ராத்திரி.

அப்புறம் கூட்டத்துச் சத்தம் என்பது தனியாக ஏற்றி இறக்கக்கூடிய விஷயம் இல்லை. மேடையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு மைக் இருப்பதுபோல் கூட்டத்தைப் பார்த்தும் மைக் வைப்பார்கள். அந்த மைக்கில் கூட்டம் மட்டும் விழுவதில்லை, மைதானத்து ஸ்பீக்கரில் ஓடும் பாட்டும் சேர்ந்தே விழுகிறது, அதுவும் தாமதமாக. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும், ஸ்பீக்கரிலிருந்து 50 மீட்டர் தள்ளி மைக் இருந்தால் டிரம்ஸ் அடி அங்கே போய்ச் சேர நொடியில் ஏழில் ஒரு பங்கு ஆகிவிடும். அதை மேடைச் சத்தத்தோடு கலந்தால் ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் ஒரு நிழல் விழும். கணினியில் நகர்த்தி ஓரளவு சரிசெய்யலாம், மைதானத்து எதிரொலியை என்ன செய்ய முடியும்? அதனால்தான் பெரும்பாலான கச்சேரிப் பதிவுகளில் பாட்டு ஓடும்போது கூட்டத்தைத் தணித்துவிட்டு, பாட்டு முடிந்ததும் கைத்தட்டலை ஏற்றுவார்கள். ரியோவில் அந்த வழி எடுபடாது. இந்த ஜனங்கள் பாட்டு முடிந்தபின் கத்துவதைவிடப் பாட்டின் நடுவில்தான் அதிகம் பாடுகிறார்கள். அவர்களைத் தணித்தால் அன்றைக்கு மரக்கானாவில் நடந்ததில் பாதி காணாமல் போய்விடும். எனக்கு அந்தப் பாதி வேண்டும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள், ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுங்கள். முன்னாலும் பின்னாலும் ஸ்பீக்கர் வைக்கும் 5.1 அமைப்பு உள்ள வீடு எதற்காவது போய்க் கேளுங்கள். கூட்டம் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும், குழு முன்னால் நிற்கும், நீங்கள் நடுவில் இருப்பீர்கள். ஸ்டீரியோவில் இரண்டையும் ஒரே இடத்தில் திணிக்க வேண்டியிருப்பதால்தான் இவ்வளவு நெரிசல்.

தஞ்சாவூர் வாசகி: பிரேசிலில் பேசுவது போர்ச்சுகீஸ். ஆங்கிலப் பாட்டை ஒரு வரி விடாமல் பாடுகிறார்களே, எப்படி?

பாட்டு தெரிய மொழி தெரிய வேண்டும் என்று யார் சொன்னது? அர்த்தம் தெரியாமலே இந்திப் பாட்டை முழுசாகப் பாடும் மாமாக்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள்.

பிரேசிலில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மெக்கைவர் என்ற அமெரிக்கத் தொடரை அங்கே குளோபோ தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது, தொடக்க இசையாக ரஷ்ஷின் 'டாம் சாயர்' பாட்டைப் போட்டார்கள். குழுவின் பேர் தெரியாத வீடுகளிலும் அந்த கீபோர்டு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனால் ரஷ் அந்த நாட்டுக்கு முதன்முதலாகப் போனதே 2002-இல்தான், போர்ட்டோ அலெக்ரே, சாவ் பாலோ, ரியோ என்று மூன்றே மூன்று கச்சேரி. முதல் ஆல்பம் வந்தது 1974-இல். 28 வருடம் காத்திருந்தவர்கள் எப்படிப் பாடுவார்கள்? வீடியோவின் முதல் பாட்டே 'டாம் சாயர்'தான், ஆரம்பித்த நொடியில் எழும் சத்தத்தைக் கேளுங்கள், உங்களுக்கே புரிந்துவிடும். இரண்டாவது வட்டில் 'தி பாய்ஸ் இன் பிரேசில்' என்று ஒரு ஆவணப்படம் இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள்.

சேலம் வாசகர்: மேடையில் மூன்று வாஷிங் மெஷின் இருக்கிறதே, அது எதற்கு?

அவை துணி உலர்த்தும் மெஷின்கள், நிஜமாகவே உள்ளே துணி சுற்றிக்கொண்டிருக்கிறது. கெடி லீயின் பேஸ் நேராக மைதானத்து ஸ்பீக்கருக்கே போய்விடும், தான் வாசிப்பதை அவர் காதுக்குள் மாட்டிய சின்னக் கருவியில் கேட்டுக்கொள்வார், ஆகவே அவருக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் தேவையில்லாமல் போனது. எதிர்ப்பக்கம் லைஃப்சனுக்குப் பெரிய ஆம்ப்ளிஃபையர் வரிசை, இந்தப் பக்கம் வெற்றிடம். அதை நிரப்பத்தான் இது. முந்தைய சுற்றுப்பயணத்தில் அதே இடத்தில் ஒரு குளிர்பதனப் பெட்டி நின்றது.

மதுரை வாசகி: காலேஜில் படிக்கும் என் மகன் இந்த வீடியோவை நூறு தடவையாவது பார்த்திருப்பான். கூட உட்கார்ந்தால் எனக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கிறது. அவனிடம் கேட்டால் 'உனக்குப் புரியாதும்மா' என்கிறான். எதைக் கவனித்தால் எனக்குப் புரியும்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது உங்களுடையதுதான் அம்மா. மூன்று பேரையும் ஒரே நேரத்தில் கேட்க முயற்சி செய்யாதீர்கள். நீள முடி, மூக்குக்கண்ணாடி, வாயருகே மைக்கோடு ஒருவர் நிற்பார், கெடி லீ, அவரை மட்டும் பாருங்கள். விரல் பேஸ் கிடாரில் தனியாக ஒரு பாட்டே வாசித்துக்கொண்டிருக்கும், வாய் வேறொரு தாளத்தில் பாடிக்கொண்டிருக்கும். நடுவில் இரண்டு அடி நகர்ந்து கீபோர்டை வாசிப்பார். கை இரண்டும் வேலையாக இருக்கும்போது காலைக் கவனியுங்கள், தரையில் மிதிகட்டைகள் வைத்திருப்பார், ஹார்மோனியத்தில் சுருதி பிடிப்பதுபோல அடியில் நீளமாக ஒரு ஸ்வரம் இழையும், அது அவர் காலிலிருந்து வருகிறது. அப்போது அவருக்கு 49 வயது. குரல் சில இடங்களில் மேலே ஏற மறுக்கிறது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

அவரை மட்டும் ஒரு பாட்டு முழுக்கப் பார்த்த பிறகு அதே பாட்டை டிரம்ஸ்காரருக்காகப் பாருங்கள், அப்புறம் கிடாருக்காக. மூன்று பேரிலிருந்து இவ்வளவு சத்தம் எப்படி என்ற கேள்வி உங்களுக்கு வந்துவிட்டால் இரைச்சல் தானாகவே பிரிந்து நிற்க ஆரம்பிக்கும். 'குளோசர் டு தி ஹார்ட்' என்ற பாட்டில் ஆரம்பியுங்கள். மெதுவான பாட்டு, மெல்லிய கிடாரோடு தொடங்கும், மைதானமே சேர்ந்து பாடும். மகனையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

சென்னை வாசகர்: ஒரு விரலைப் பார்ப்பதற்குள் கேமரா வேறு எங்கோ தாவிவிடுகிறது. கிடார் கற்றுக்கொள்பவன் நான், எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இதில் நான் உங்கள் கட்சி. தாவல் அதிகம்தான். ஒத்திகை இல்லாமல் படம்பிடித்தவர்கள் கிடைத்த துண்டுகளை வைத்துத்தான் கோத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், இருந்தாலும் லைஃப்சன் தனியாக வாசிக்கும் இடத்தில் கூட்டத்தைக் காட்டுவதை என்னாலும் ஏற்க முடியவில்லை. டிவிடியில் ஒரு வழி உண்டு. மூன்று பாட்டுக்கு மட்டும் கோணத்தை நாமே மாற்றிக்கொள்ளலாம், ரிமோட்டில் அதற்கான பட்டனை அமுக்கினால் போதும். அதில் 'லா வில்லா ஸ்ட்ராஞ்சியாட்டோ' ஒன்று, கிடார் கற்பவருக்கு ஒரு மாதத்துக்குத் தாங்கும்.

கேமரா எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க ஆசையிருந்தால் டாக்கிங் ஹெட்ஸ் குழுவின் 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' பாருங்கள். 1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பான்டேஜஸ் அரங்கில் ஜொனாதன் டெமி எடுத்தது. வெறும் மேடையில் குழுவின் பாடகர் டேவிட் பைர்ன் ஒரு டேப் ரெக்கார்டரோடு தனியாக வந்து நிற்பார், பாட்டுக்குப் பாட்டு ஆட்கள் சேருவார்கள். கேமரா ஒருவர் முகத்தில் நின்றால் நிற்கும். கூட்டத்தைக் கிட்டத்தட்ட கடைசிவரை டெமி காட்டவே மாட்டார். ரியோவுக்கு நேர் எதிர், இரண்டுமே எனக்கு வேண்டும்.

நாகர்கோவில் வாசகர்: டிரம்ஸ் சோலோ எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. நான் அந்த நேரத்தில் டீ போடப் போய்விடுவேன். அதோடு அந்த மனிதர் கச்சேரி முழுக்க ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. ரசிகர்கள் இவ்வளவு அன்பு காட்டும்போது இது என்ன திமிர்?

டீ பிறகு போடலாம், கொஞ்சம் உட்காருங்கள்.

1997 ஆகஸ்டில் நீல் பியர்ட்டின் 19 வயது மகள் சாலை விபத்தில் இறந்துபோனாள். அப்போது அவருக்கு ஒரே பிள்ளை. பத்து மாதம் கழித்து மனைவியும் புற்றுநோயில் போய்விட்டார். என்னை ஓய்வுபெற்றவனாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று மகளின் இறுதிச் சடங்கிலேயே நண்பர்கள் இருவரிடமும் சொல்லியிருந்தவர், இப்போது மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கனடா, அமெரிக்கா, மெக்சிகோ, பெலிஸ் என்று 14 மாதத்தில் 88,000 கிலோமீட்டர். அந்தக் காலம் முழுக்க மற்ற இருவரும் அவருடைய இடத்தில் வேறு ஆளை உட்கார வைக்கவில்லை, எப்போது வருவாய் என்று நெருக்கவும் இல்லை. 2001-இல் அவராகத் திரும்பி வந்தார். 2002-இல் வந்த 'வேப்பர் டிரெயில்ஸ்' ஆல்பத்தின் முதல் பாட்டு, வேறு எந்த வாத்தியமும் இல்லாமல் அவருடைய டிரம்ஸோடு தொடங்கும். நீங்கள் பார்த்த வீடியோவில் இடைவேளைக்குப் பின் வரும் முதல் பாட்டு அதுதான்.

அந்த மனிதர்தான் ரியோவில் உட்கார்ந்திருக்கிறார், வயது 50. இயல்பாகவே கூச்சக்காரர், ரசிகர்கள் சூழ்ந்துகொண்டால் தவித்துப்போவார் என்று அவரே எழுதியிருக்கிறார். முகத்தில் தெரிவது திமிர் இல்லை ஐயா, ஒரு அடி தவறக்கூடாது என்ற கவனம். சோலோவுக்குப் பேர் 'ஓ பத்தெரிஸ்தா', போர்ச்சுகீஸ் மொழியில் 'டிரம்ஸ்காரர்' என்று அர்த்தம், அந்த ஊருக்காக வைத்தது. நடுவில் மேடையே சுழன்று அவர் எலெக்ட்ரானிக் டிரம்ஸ் பக்கம் திரும்புவதைக் கவனியுங்கள். 1990-களின் நடுவில், உலகமே அவரைப் பெரிய ஆள் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், ஃப்ரெடி க்ரூபர் என்ற வாத்தியாரிடம் போய்க் குச்சி பிடிப்பதிலிருந்து மறுபடி கற்றுக்கொண்டவர். அதன் பலன் சோலோவின் கடைசியில் பழைய ஜாஸ் பேண்டுகளின் பாணியில் அவர் வாசிக்கும்போது தெரியும். இந்த ஒரு பதிவு கிராமி பரிசுக்குப் பரிந்துரையும் ஆனது.

நான் இதை முதலில் பார்த்தது 2005 வாக்கில், நண்பன் அறையில், கணினித் திரையில். இந்தக் கதை எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு பார்த்தபோது சோலோ முடிந்து மைதானம் எழுப்பும் சத்தம் வேறு மாதிரி கேட்டது. 2020 ஜனவரி 7 அன்று மூளைப் புற்றுநோயில் அவரும் போன பிறகு இன்னும் வேறு மாதிரி.

புதுச்சேரி வாசகர்: கச்சேரி வீடியோ எல்லாமே பிறகு ஸ்டூடியோவில் ஒட்டுப்போட்டதுதான் என்கிறான் என் நண்பன். உண்மையா?

எல்லாம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒட்டு என்பது பழைய வழக்கம்தான். லெட் ஸெப்பலின் குழு 1973-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மூன்று ராத்திரி எடுத்த படத்தில் இடையிடையே காட்சிகள் விட்டுப்போயிருந்தன. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஷெப்பர்ட்டன் ஸ்டூடியோவில் அதே மாதிரி மேடை போட்டு மறுபடி நடித்துக் கொடுத்தார்கள். அதற்குள் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் பால் ஜோன்ஸ் முடியை வெட்டியிருந்ததால் டோப்பா வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தெரிந்து பார்த்தால் உங்களுக்கே பிடிபடும். பிங்க் ஃபிளாய்ட் குழு இத்தாலியின் பாம்பேய் நகரில் எடுத்த படத்தில் கூட்டமே கிடையாது, 1971 அக்டோபரில் பழைய ரோமானிய அரங்கில் கல்லுக்கும் காற்றுக்கும் நடுவில் வாசித்தார்கள், மின்சாரம் போதாமல் ஊருக்குள்ளிருந்து கம்பி இழுக்கவேண்டி வந்தது. அதிலும் சில பகுதிகள் பாரிஸ் ஸ்டூடியோவில் எடுத்தவைதான். அதனால் அந்தப் படம் எனக்குக் குறைந்துவிடவில்லை. ஆனால் கெடி லீயின் குரல் உடையும் இடங்களை அப்படியே விட்டு வைத்திருக்கிற ரியோ மேல் மரியாதை கூடுகிறது.

திருநெல்வேலி வாசகர்: சுத்தமான ஒலியோடு ரஷ்ஷை முழுசாகக் கேட்க வேறு எந்த வீடியோ?

2011 ஏப்ரலில் கிளீவ்லாண்டில் எடுத்த 'டைம் மெஷின்'. 'மூவிங் பிக்சர்ஸ்' ஆல்பம் முழுவதும் வரிசையாக வாசித்திருப்பார்கள்.

ஈரோடு வாசகர்: பியர்ட் இல்லாமல் மறுபடி சுற்றுப்பயணம் என்று 2025 அக்டோபரில் அறிவித்தார்களே, இது நியாயமா?

அறிவிப்பைப் பார்த்த அன்று எனக்கும் மனசு ஒப்பவில்லை. ஒரு வாரம் போனது. 15 வயதிலிருந்தே சேர்ந்து வாசிக்கும் இரண்டு நண்பர்கள், எழுபது தாண்டிவிட்டது, கை இன்னும் வேலை செய்கிறது, மூன்றாமவன் எழுதிய பாட்டுகளை யாரும் மேடையில் வாசிக்காமல் மூடி வைப்பதுதான் மரியாதையா என்று யோசித்தபோது என் கோபம் போய்விட்டது. டிரம்ஸுக்கு அனிகா நில்லஸ் என்ற ஜெர்மன் கலைஞரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ் கிடார் கலைஞர் ஜெஃப் பெக்கோடு வாசித்தவர், கெட்டிக்காரி. அவரை பியர்ட்டோடு ஒப்பிட்டுத் திட்டும் வேலையை மட்டும் நாம் செய்யவேண்டாம்.

ஸ்கார்பரோ, டொரன்டோ வாசகர்: நான் இலங்கையிலிருந்து இங்கே வந்து இறங்கியபோது பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் ஒய்ஒய்ஸட் என்று இருந்தது. அதே பேரில் ரஷ்ஷுக்கு ஒரு பாட்டு உண்டு என்று பிள்ளைகள் காட்டினார்கள். ஒரு சொல்கூட இல்லாத பாட்டுக்கு அந்த ரியோ ஜனங்கள் ஏன் அப்படித் துள்ளுகிறார்கள்?

உங்கள் விமான நிலையத்தின் குறியீடு அது. மோர்ஸ் தந்தி முறையில் அந்த மூன்று எழுத்தை விமானிகளுக்காக ஒலிபரப்பிக்கொண்டே இருப்பார்கள். சின்ன விமானத்தில் ஊர் திரும்பும்போது குழுவினர் அதைக் கேட்டு, அதையே தாளமாக்கிக்கொண்டார்கள். ஒய் என்றால் நீளம், குட்டை, நீளம், நீளம். இன்னொரு ஒய் அதே மாதிரி. ஸட் என்றால் நீளம், நீளம், குட்டை, குட்டை. பாட்டின் தொடக்கத்தில் அடிப்பது சரியாக இதுதான், ஐந்து ஐந்தாக நடக்கும் தாளம். வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று அவர்களுக்குச் சொல்லும் சத்தம் அது.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெடி லீயின் பெற்றோர் நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பி டொரன்டோவுக்கு வந்த யூதர்கள். அவருடைய நிஜப் பேர் கேரி, அம்மா தன் ஊர் உச்சரிப்பில் கூப்பிட்டது நண்பர்கள் காதில் 'கெடி' என்று விழுந்து அதுவே நிலைத்துவிட்டது. லைஃப்சனின் பெற்றோரும் யுகோஸ்லாவியாவிலிருந்து வந்த செர்பியர்கள். உங்களைப் போலவே வேறு நாட்டிலிருந்து கனடாவுக்கு வந்தவர்களின் பிள்ளைகள்தான் அந்தப் பாட்டை வாசித்த மூவரில் இரண்டு பேர்.

ரியோவில் வரிகள் இல்லையே என்று யாரும் சும்மா நிற்கவில்லை. கிடார் வாசிக்கும் மெட்டை 'ஓ ஓ ஓ' என்று அவர்களே பாடுகிறார்கள், ஒரு வளைவு விடாமல். அந்த இடத்தில் கேமரா மேலேயிருந்து காட்டும். தரையே தெரியாத கூட்டம், அத்தனை தலையும் ஒன்றாக எழுந்து ஒன்றாக இறங்குகிறது. இந்தத் தடவை பிள்ளைகளிடம் சொல்லி அந்த இடத்தில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லுங்கள்.